கஞ்சா மருந்தும் ஓட்டுநர் உரிமமும்: நியூ சவுத் வேல்ஸ் எந்த வழியில் போகலாம்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், தீராத முதுகுவலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த கஞ்சா எண்ணெயை இரவு படுக்கப்போகும் முன் நாக்கடியில் விட்டுக்கொள்ளும் ஒருவர், மறுநாள் காலையில் தெளிந்த தலையோடு காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில் போலீசார் மறித்து நாக்கைத் துடைத்துப் பார்த்தால், அவர் மீது வழக்குப் பாயக்கூடும். வண்டி தடம் மாறி அலைந்ததா, பேச்சு குழறியதா என்பதெல்லாம் அந்த வழக்கில் எழவே எழாது. 2013-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு கேட்பது, குறிப்பிட்ட பொருள் உமிழ்நீரிலோ ரத்தத்திலோ சிறுநீரிலோ இருந்ததா என்பதை மட்டும்தான். போதையின் பிடியில் வண்டி ஓட்டியதைத் தண்டிக்க 112-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

ஆஸ்திரேலியா மருத்துவக் கஞ்சாவுக்குக் கதவு திறந்தது 2016-இல். சாலைச் சட்டம் அதற்கு முந்தைய காலத்திலேயே நின்றுவிட்டது. இதில் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அதே 111-ஆம் பிரிவு, ரத்தத்திலோ சிறுநீரிலோ மார்பின் காணப்பட்டால், அதை மருந்தாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்று நிரூபித்துத் தப்பிக்க ஓட்டுநருக்கு இடம் கொடுக்கிறது. கஞ்சாவின் போதைக்கூறான டிஎச்சிக்கு அந்த இடம் இல்லை. டயசிபாம் போன்ற தூக்கம் தரும் மாத்திரைகளைச் சாலையோர உமிழ்நீர்ச் சோதனை தேடுவதுகூட இல்லை. அது தேடுவது டிஎச்சி, மெத்தாம்பெட்டமின், எம்டிஎம்ஏ, கொக்கெயின் ஆகிய நான்கை மட்டுமே. மாநில அரசு 2024-இல் கூட்டிய போதைப்பொருள் உச்சிமாநாட்டின் அறிக்கை 2025 ஏப்ரலில் வெளியானபோது, மருந்தாகக் கஞ்சா எடுப்பவர்களுக்குச் சட்டத்தில் ஒரு தற்காப்பு வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே மாற்ற வேண்டுமா என்பதைவிட, எப்படி மாற்றுவது என்பதே இப்போது எடைபோட வேண்டிய கேள்வி. ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலங்களான விக்டோரியா, டாஸ்மேனியா, வெளிநாடுகளில் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்க மாநிலங்கள் என ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விடையை வைத்திருக்கிறது.

அந்த விடைகளுக்குப் போகும் முன், உமிழ்நீர் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் ஒவ்வொரு வழியின் பலமும் பலவீனமும் அங்கேதான் தொடங்குகின்றன. மறித்து நிறுத்தப்பட்ட ஓட்டுநர் நாக்கை நீட்டுகிறார். டிரக்வைப் என்ற சிறு பிளாஸ்டிக் கருவியின் நுனியால் போலீஸ்காரர் அதைத் துடைக்கிறார். சில நிமிடங்களில் கோடு தெரிந்தால், ஓட்டுநரைச் சோதனை வண்டிக்கோ காவல் நிலையத்துக்கோ அழைத்துப்போய் இன்னொரு கருவியில் இரண்டாவது மாதிரி எடுக்கிறார்கள். அதிலும் பொருள் காணப்பட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டத் தடை. மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. ஆய்வகம் உறுதிசெய்தால், முதல் தடவை என்னும் நிலையிலேயே அபராதத்தோடு 3 மாதம் உரிமம் நிறுத்தப்படலாம்.

டிஎச்சி ரத்தத்திலிருந்து உமிழ்நீருக்குள் மிகக் குறைவாகவே கசியும். சோதனையில் சிக்குவது பெரும்பாலும் புகையோ ஆவியோ எண்ணெயோ வாய்க்குள் போகும்போது ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்ட மிச்சம். காலிப் பெருங்காய டப்பாவின் வாசனையை வைத்து இன்றைய சாம்பாரில் எவ்வளவு பெருங்காயம் விழுந்தது என்று சொல்ல முடியாததைப்போல, அந்த மிச்சத்தை வைத்து மூளையில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கத்துக்காக ஆஸ்திரேலியாவில் 2012-இலேயே பதிவு பெற்ற சேட்டிவெக்ஸ் என்ற மருந்து, வாய்க்குள் நேரடியாகப் பீய்ச்சிக்கொள்ளும் டிஎச்சி கலந்த திரவம் என்பதை நினைத்துப் பார்த்தால் சங்கடம் விளங்கும். அதே சமயம், உறையிட்ட மாத்திரை வடிவில் விழுங்கியவரின் வாயில் பெரிதாக எதுவும் ஒட்டாமல் போகலாம். அவர் உண்மையிலேயே மயக்கத்தில் இருந்தாலும் கருவி அவரைத் தவறவிடக்கூடும்.

கருவிகளும் பிழையற்றவை அல்ல. சிட்னி பல்கலைக்கழகத்தின் லாம்பர்ட் கஞ்சா ஆய்வுக் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், டிரக்வைப் கருவி இல்லாததை இருக்கிறது என்று 5 விழுக்காடும், இருப்பதை இல்லை என்று 16 விழுக்காடும் தவறாகக் காட்டியது. டிரேகர் என்ற இன்னொரு கருவியில் இந்த அளவுகள் முறையே 10, 9 விழுக்காடு. ஆய்வகப் பரிசோதனை இரண்டாவது படியாக இருப்பதால் தவறாகப் பிடிபடுபவர்கள் பின்னர் தப்பிக்கலாம் என்பது சரிதான். ஆனாலும் 2004 டிசம்பரில் விக்டோரியா முதன்முதலாகச் சாலையோர உமிழ்நீர்ச் சோதனையைத் தொடங்கியபோது, மெல்பர்னின் யாராவில் பகுதியில் செய்தியாளர்களின் கேமராக்கள் சூழ நின்ற வேளையில் பிடிபட்ட முதல் ஓட்டுநரின் மாதிரியில் பின்னர் எதுவும் உறுதிப்படவில்லை. அந்த ஒரு நாளில் அவருடைய பெயர் பட்ட பாட்டை எந்த ஆய்வக அறிக்கையாலும் அழித்துவிட முடியாது.

எத்தனை நாள் காத்திருந்தால் தப்பலாம் என்பதும் நிச்சயமில்லாத கணக்கு. நியூ சவுத் வேல்ஸின் வடகோடியில் உள்ள லிஸ்மோர் நீதிமன்றத்தில் 2016-இல், ஒன்பது நாட்களுக்கு முன்புதான் கஞ்சா புகைத்ததாகச் சொன்ன ஓட்டுநர் ஒருவரை மாஜிஸ்திரேட் டேவிட் ஹைல்பர்ன் விடுவித்தார். ஒரு வாரம் கழித்தால் பயமில்லை என்று போலீசாரே தன்னிடம் சொன்னதாக அந்த ஓட்டுநர் கூறியிருந்தார். நேர்மையான, நியாயமான தவறான நம்பிக்கை என்ற பழைய சட்டக் கோட்பாட்டின் கீழ் தீர்ப்பு அமைந்தது. பின்னாளில் பணி ஓய்வு பெற்ற ஹைல்பர்ன், இந்தச் சட்டத்தை மாற்றவேண்டும் என்று வெளிப்படையாகக் குரல் கொடுப்பவர்களில் ஒருவரானார்.

இருக்கிற சட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களின் தரப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1982 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் எந்தக் காரணமும் இன்றி யாரையும் நிறுத்தி ஊதச்சொல்லும் மதுச் சோதனையைத் தொடங்கியபின் சாலை மரணங்கள் கண்கூடாகக் குறைந்தன. எந்த வளைவிலும் போலீஸ் நிற்கலாம் என்ற பயம்தான் அதன் மூலதனம். உமிழ்நீர்ச் சோதனை அதே பயத்தைப் போதைப்பொருளுக்கும் நீட்டிக்கிறது, நிமிடக்கணக்கில் முடிகிறது, வாதத்துக்கு இடம் வைப்பதில்லை. கஞ்சா எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது ஆபத்தில்லை என்று வாதிடவும் முடியாது. நெதர்லாந்தின் நெடுஞ்சாலையில், பக்கத்தில் பயிற்றுநர் அமர்ந்திருக்க, 26 பேரை ஓட்டச்சொல்லி நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், டிஎச்சியை ஆவியாக இழுத்த 40 முதல் 100 நிமிடத்துக்குள் வண்டி தடத்துக்குள் அலையும் அளவு 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடியது. நான்கைந்து மணி நேரம் கழித்து அந்த வேறுபாடு தென்படவில்லை. கஞ்சாவின் போதை தராத கூறான சிபிடி மட்டும் எடுத்தவர்களிடம் எந்த நேரத்திலும் தென்படவில்லை. 80 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான மதிப்பீடு, அளவையும் எடுத்துக்கொள்ளும் முறையையும் பொறுத்துப் பாதிப்பு ஏறத்தாழ 3 முதல் 10 மணி நேரம் வரை நீடிக்கலாம் என்றது. வாய்வழி விழுங்கினால் அது தாமதமாகத் தொடங்கி நீளும். ஆக, ஆபத்து சில மணி நேரத்துக்கு உரியது; சட்டத்தின் வலையோ சில நேரம் நாட்கணக்கில் விரிகிறது. இப்போதைய ஏற்பாட்டின் குறை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இரவு மருந்து எடுத்துப் பகலில் ஓட்டுபவரைத் தண்டிப்பதால் சாலை பத்திரமாவதில்லை. அந்தப் பயத்தால், அவர் மருந்தை விட்டுவிட்டு, சோதனையில் தேடப்படாத, ஆனால் ஓட்டுவதற்கு அதைவிட மோசமான வலி மாத்திரைகளுக்குத் திரும்பினால், நிலைமை இன்னும் கெடும்.

பக்கத்து மாநிலமான விக்டோரியா பாதி வழி வந்திருக்கிறது. அங்கே 2025 மார்ச் 1 முதல், செல்லுபடியாகும் மருந்துச்சீட்டோடு கஞ்சா எடுத்து, பாதிப்பின்றி ஓட்டியவரின் உரிமத்தை ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் விருப்புரிமை மாஜிஸ்திரேட்டுக்குக் கிடைத்தது. அதற்கு முன் ரத்து கட்டாயமாக இருந்தது. மனிதாபிமானமான திருத்தம்தான். ஆனால் குற்றம் குற்றமாகவே நிற்கிறது, ஓட்டுநர் நீதிமன்றப் படியேற வேண்டும், வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டும், அதன்பிறகு எந்த மாஜிஸ்திரேட் முன் நிற்கிறோம் என்பதும் முடிவைப் பாதிக்கக்கூடும். பேருந்து அருகிப்போன உள்நாட்டுப் பகுதியில், உரிமம் போனால் வேலையும் போகும் நிலையில் வாழ்பவருக்கு, விசாரணை நாள் வரை தொங்கும் நிச்சயமின்மையே ஒரு தண்டனை. அதை இடைக்கால ஏற்பாடாக மதிக்கலாம்; முடிவான விடையாக ஏற்பதற்கில்லை.

எண்ணால் எல்லை வகுப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. மதுவுக்கு 0.05 என்ற கோடு இருப்பதைப்போல டிஎச்சிக்கும் ஒரு கோடு போட்டுவிட்டால் சண்டை தீர்ந்ததே என்பார்கள். ஜெர்மனி 2024 ஏப்ரலில் பெரியவர்களுக்குக் கஞ்சாவை ஓரளவு சட்டப்பூர்வமாக்கிய கையோடு, ஆகஸ்ட் 22 முதல், ரத்தத் தெளிநீரில் (சீரம்) ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்றிருந்த எல்லையை 3.5 நானோகிராம் என்று உயர்த்தியது. மீறினால் 500 யூரோ அபராதமும் ஒரு மாதத் தடையும் உண்டு. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் எல்லை கிடையாது, முழுத் தடைதான். கனடா 2018-இல் முழு ரத்தத்தில் 2 நானோகிராமில் ஒரு படியும் 5 நானோகிராமில் இன்னொரு படியும் வைத்தது, 2.5 நானோகிராம் டிஎச்சியோடு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மதுவும் சேர்ந்தால் தனிக் குற்றம். வாஷிங்டன் மாநிலம் 5 நானோகிராமை நேரடிக் குற்றமாக்கியது. கொலராடோ அதே எண்ணை, நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) ஊகிக்க இடம்தரும் சான்றாக மட்டும் வைத்தது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தெளிநீரில் அளக்கும் எண், முழு ரத்தத்தில் அளப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாகத் தோன்றும். ஆதலால் ஜெர்மனியின் 3.5, பிரிட்டனின் முழு ரத்த எல்லையான லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு வெகு பக்கத்தில்தான் இருக்கிறது.

மதுவுக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு டிஎச்சிக்குப் பொருந்தாததற்குக் காரணம் வேதியியல். மது நீரில் கரைந்து உடல் முழுக்கப் பரவி, ஏறக்குறைய சீரான வேகத்தில் வெளியேறுகிறது. கொழுப்பில் கரையும் டிஎச்சி, புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், போதை இறங்கும் முன்னரே மளமளவென்று சரிந்துவிடும். மறுபுறம், தினமும் எடுப்பவரின் கொழுப்பில் சேர்ந்திருப்பது, கடைசி அளவு எடுத்து நாட்கள் கழிந்த பின்னும் சிறுகச் சிறுக ரத்தத்துக்குள் கசிந்துகொண்டிருக்கும். விளைவு தலைகீழாகிறது. எப்போதாவது புகைத்துவிட்டு உடனே வண்டியெடுத்தவர், ரத்தம் எடுக்க இரண்டு மணி நேரம் தாமதமானால் எல்லைக்குக் கீழே வந்து நழுவலாம்; ஒழுங்காக மருந்துபோல் எடுத்து, உடலும் பழகிப்போன நோயாளி மேலே நின்று மாட்டலாம். யாரைக் காப்பாற்றச் சட்டம் திருத்தப்படுகிறதோ அவரையே குறிவைக்கும் கோடு இது. ஜெர்மனியும் இதை அறிந்தே, குறிப்பிட்ட நோய்க்காக மருத்துவர் சொன்னபடி எடுப்பவர்களை இந்த எல்லையிலிருந்து விலக்கியிருக்கிறது. எல்லையோடு விலக்கும் தேவைப்படுகிறது என்றால், நோயாளியைப் பொறுத்தவரை வேலை செய்வது விலக்குதான்.

அப்படியென்றால் பொருளை விட்டுவிட்டு ஓட்டுநரின் நிலையையே நேராகச் சோதிக்கலாமே என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் டிஎச்சிக்கு எண்ணெல்லை கிடையாது. மிச்சிகனில் 2019-இல் அரசு அமைத்த ஆணையம் எண்ணெல்லை வேண்டாம் என்றே சொன்னது. நேர்கோட்டில் நடக்கச்சொல்வது, ஒற்றைக்காலில் நிற்கச்சொல்வது, கண்மணியின் அசைவைப் பார்ப்பது ஆகிய சோதனைகள் அமெரிக்கப் போலீசாருக்கு நெடுநாள் பழக்கம். கொள்கையளவில் இதைவிட நியாயமான வழி இல்லை. நடைமுறையில் கால் இடறுகிறது. கலிபோர்னியாவில் 184 பேரை வைத்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற அதிகாரிகள், டிஎச்சி புகைத்தவர்களில் 81 விழுக்காட்டினரைப் பாதிப்புற்றவர்கள் என்று சரியாக வகைப்படுத்தினார்கள். ஆனால் டிஎச்சியே இல்லாத போலிச் சுருட்டு புகைத்தவர்களிலும் 49 விழுக்காட்டினரை அதே பட்டியலில் சேர்த்தார்கள். பாதிக்குப் பாதி தவறும் ஒரு சோதனையின் பேரில் ஒருவரின் உரிமத்தைப் பறிக்க முடியாது. மதுவுக்காக வடிவமைத்த இந்தச் சோதனைகள் கஞ்சாவுக்கு அரைகுறையாகவே பொருந்துகின்றன. முதுகுவலிக்காரரையோ தண்டுவட நோயாளியையோ ஒற்றைக்காலில் நிற்கச்சொல்லி, தள்ளாடுகிறார் என்று குறிப்பெழுதினால், மருந்தின் விளைவையும் நோயின் விளைவையும் பிரிப்பது யார்?

எஞ்சுவது டாஸ்மேனியாவும் பிரிட்டனும் எடுத்த வழி. டாஸ்மேனியாவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம், உடலில் பொருள் இருப்பதையே குற்றமாக்கும் பிரிவிலேயே, அந்தப் பொருள் அம்மாநில நச்சுப்பொருள் சட்டத்தின்படி பெறப்பட்டு உட்கொள்ளப்பட்டிருந்தால் குற்றமில்லை என்று சொல்லிவிடுகிறது. போதையில் ஓட்டினால் வேறு பிரிவின் கீழ் மற்றவர்களைப் போலவே அந்த நோயாளியும் தண்டனைக்கு உள்ளாவார். அதே நாட்டில், அதே கருவிகளோடு, அதே சாலை விதிகளோடு இயங்கும் மாநிலம் அது என்பதால், இப்படியொரு விலக்கு கொடுத்தால் சட்டமே செயலிழந்துவிடும் என்ற அச்சத்துக்குப் பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டன் 2015 மார்ச் 2 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கஞ்சாவுக்குத் தாழ்ந்த ரத்த எல்லையை வைத்தபோதே, மருத்துவர் எழுதிக்கொடுத்து, சொன்னபடி எடுத்துக்கொண்டவர்களுக்குச் சட்டத்தில் தற்காப்பு கொடுத்தது. அங்கே உமிழ்நீர்ச் சோதனை சாலையோர வடிகட்டி மட்டுமே. வழக்கு நிற்பது ரத்தப் பரிசோதனையின் மேல். தண்டனை இளப்பமானதும் அல்ல: குறைந்தது ஓராண்டுத் தகுதியிழப்பு, 6 மாதம் வரை சிறை. கடுமையும் விலக்கும் ஒரே சட்டத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நியூ சவுத் வேல்ஸ் இந்த வழியையே எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. மார்பினுக்கு ஏற்கெனவே இருக்கும் தற்காப்பின் சொற்களை டிஎச்சிக்கு நீட்டித்தாலே சட்டத்தின் எலும்புக்கூடு தயார். உமிழ்நீர்ச் சோதனையை ஒழிக்கவேண்டியதில்லை. மருந்துச்சீட்டு இல்லாதவர்களைப் பொறுத்தவரை அது இன்று செய்யும் வேலையைத் தொடர்ந்து செய்யட்டும். இந்த வழிக்கு எதிராக வரும் வலுவான வாதம், இணையவழி மருத்துவ ஆலோசனையில் சில நிமிடங்களில் சீட்டு வாங்கிவிடலாம், அது பொழுதுபோக்காகப் புகைப்பவர்களுக்கு அனுமதிச்சீட்டாகிவிடும் என்பது. அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் சீட்டு எழுதுவதில் உள்ள தளர்ச்சியைச் சரிசெய்ய வேண்டியவர்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பும். அந்த வேலையை நெடுஞ்சாலையில் நிற்கும் கான்ஸ்டபிளின் தலையில் கட்டுவது பொருத்தமில்லை.

தற்காப்பை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. நிரூபிக்கும் சுமை ஓட்டுநர் மேல் இருக்கலாம். அதை அவர் நீதிமன்றம்வரை சுமக்காமல், சீட்டையும் மருந்தகம் ஒட்டிய லேபிளையும் போலீசாரிடம் குறித்த நாட்களுக்குள் காட்டி அங்கேயே முடித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும், இல்லையேல் விக்டோரியாவின் அலைச்சல் இங்கும் வந்துசேரும். மருந்து எடுத்த பின் குறிப்பிட்ட மணி நேரம் ஓட்டக்கூடாது என்று லேபிளில் எழுதியிருந்தால், அதை மீறியவருக்குத் தற்காப்பு இல்லை என்று சட்டம் சொல்லலாம். 2021 மதிப்பீடு காட்டும் கால அளவு அதற்கு ஓர் அடிப்படை தருகிறது. மதுவோடு சேர்த்து எடுத்தவருக்கும் தற்காப்பு பொருந்தக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு கூடும் என்பதால்தான் கனடா அதற்குத் தனிக் குற்றம் வகுத்தது. பயிற்சி உரிமம் பெற்றவர்கள், கனரக வாகனமும் பேருந்தும் ஓட்டுபவர்கள் ஆகியோரை முதல் கட்டத்தில் வெளியே நிறுத்துவதற்கும் நியாயம் உண்டு. டாக்சி ஓட்டுநர்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது, ஏனென்றால் இரவு மருந்தும் பகல் வேலையும் என்று வாழ்பவர்களில் அவர்களும் உண்டு. விக்டோரியா அரசு ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தோடு மூடிய ஓட்டப்பாதையில் நடத்தும் மருத்துவக் கஞ்சாச் சோதனையின் முடிவுகள் வரும்போது, லேபிளில் எழுதவேண்டிய மணி நேரக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்படி அந்த எண்ணைச் சட்டத்தில் பதிக்காமல் விதிகளில் வைப்பது வசதி.